மீசை வைக்காத உருவாரம்

கண்ணு,

இதைக் கடிதமாக எழுதவைத்தது நீதான். நான் போனில் பேசி அனுப்புகிறதை எல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று, ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்த உன் கூட்டாளி சொல்லிவிட்டுப் போனான். நான் ஆற அமரச் சொன்னதைக் கோழி தானியம் கொத்துகிற வேகத்தில் கேட்டால் அதில் என்ன மிஞ்சும்? காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. எனக்கு எழுதத் தெரியாததால் பக்கத்து வீட்டு மல்லிகாவைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல, அவள் புத்தகத்தில் வருகிற மாதிரித் திருத்தி எழுதிக்கொள்கிறாள். மனிதர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் உன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிப் பேசுவார், நீ வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வாய். மல்லிகா படித்தால் ஊரே படித்த மாதிரி என்று நீ கூச்சப்படாதே. வயிறு, குடல், வெளிக்குப் போவது என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நான் இத்தனையும் பட்டேன். உன்னை மாதிரி ஓடி ஒளிகிற பிள்ளைகள் இந்தப் பக்கம் இன்னும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நான் கேட்கப்போவது உனக்குத் தெரிந்ததுதான். நீ ரத்தம் கொடுத்து அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். என்னிடம் இருக்கிற கோளாறு உன்னிடமும் இருக்கிறது என்று வந்தால், தவறாமல் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அங்கே நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்குமாம், அங்கேயே செய்தாலும் எனக்குச் சம்மதம். சம்மதம் என்று வாய் சொல்கிறது. நீ இங்கே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் உன் அப்பாவோடு டீ குடித்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் மனசு கேட்கிறது. இதை எழுதாதே என்று மல்லிகாவிடம் சொன்னேன். அவள் எழுதிவிட்டாள்.

முதல் நோய் வந்தபோது நீ கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாய். ரத்தம் போனதை மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டு கருணைக்கிழங்கு லேகியமாகத் தின்று தீர்த்தேன். கடைசியில் நீதான் பைக்கில் உட்காரவைத்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். அவிநாசி தாண்டியதும், ஸ்பீடுபிரேக்கர் வரும்போதெல்லாம் முன்கூட்டியே, "அம்மா, புடிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாய். அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே கேட்கிறது. பெருங்குடலில் கட்டி என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடி போய்த் திரும்பி வந்தது. நான் பிழைத்தேன்.

பிழைத்தால் உருவாரம் வைக்கிறேன் என்று உன் அப்பா கருப்பராயனுக்கு வேண்டியிருந்தார். கால் சரியானால் மண்ணில் கால், கண் சரியானால் கண், மாடு பிழைத்தால் மாடு என்று செய்து வைப்பது உனக்குத் தெரியும். பானை செய்கிற பழனியப்பண்ணன்தான் நம் சுற்றுவட்டாரத்துக்கே செய்கிறவர். அவரிடம் போய்க் குடல் வேண்டும் என்றதும் மனிதர் திகைத்துப்போய்விட்டார்.

"கொடலுங்களா? நான் ஆட்டுக் கொடலத்தானுங்க பாத்திருக்கறேன்" என்றார்.

"அதையே செய்யுங்க. ஊட்ல இருக்கறவ பேச்சும் ஆடு கத்தற மாதிரித்தான், நிக்காது" என்றார் உன் அப்பா.

அண்ணனும் செய்தார். சூளையிலிருந்து எடுத்தபோது அது முறுக்கு மாதிரியே இருந்தது. கோயிலில் வைத்ததும் யாரோ ஒருத்தர் வீட்டுக் குழந்தை அதைத் தின்னக் கேட்டு அழுதது. தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதற்கடுத்த வருசம்தான் ஜெர்மனிக்கு வேலை கிடைத்துப் போனாய்.

நீ போன பிறகு சில வருசம் நன்றாகத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் வரச் சொன்ன தேதிக்கெல்லாம் முதலில் போனேன், பிறகு தக்காளி பறிப்பு, மாடு கன்று போட்டது, ஊருக்குள் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டேன். அப்புறம் சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்த மாதிரி நின்றது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். இஞ்சிச் சாறு குடித்தேன். அரிசிம்பருப்புச் சாதம் ஒரு வட்டில் தின்கிறவள் ரெண்டு கவளத்தில் கை கழுவினேன். உன் அப்பா அதைத்தான் முதலில் கவனித்தார். நெய் ஊற்றிய பிறகும் ஒருத்தி எழுந்து போகிறாள் என்றால் அது வாய்வு இல்லை என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை. டாக்டரம்மா துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார், மறுபடி வரச் சொன்னார். உன் அப்பா வெளியே வந்து, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார். "திரும்பி வந்திருச்சு" என்றார். நம் பக்கத்தில் அந்த நோய் திரும்பி வந்தது என்றால் வேறு அர்த்தம் கிடையாது. போனது மறுக்கா வந்தால் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகவில்லை. உனக்கும் சொல்லவில்லை. ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருத்தராக ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலில் போய்க் கிசுகிசுத்தார்கள். உன் அப்பா என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ரசத்தில் உப்பு அதிகம் என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

அதோடு விடவில்லை. நேராகப் பழனியப்பண்ணனிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்.

"கொடல மட்டும் செஞ்சு வெச்சுப்போட்டு வயித்த உட்டுப்போட்டீங்க. அதான் நோய் மேல ஏறிருச்சு."

"நீங்க கொடலுன்னுதானுங்க சொன்னீங்க. வயிறு சொல்லியிருந்தா வயிறும் செஞ்சிருப்பனுங்க. இப்ப என்னுங்க, ஒண்ணு செஞ்சு வெச்சுப்போடலாம்."

அப்படியே ஒரு வயிறு செய்தார், காற்றுப் போன பலூன் மாதிரி. கருப்பராயன் முன்னால் அதை வைத்துவிட்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தோம். நினைத்துப் பார், கண்ணு. வயிற்றுக்குள் அது வளர்ந்துகொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் மண் வயிற்றுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறோம். சாமியைக் குறை சொல்லவில்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் சாமியிடம் போய் உட்கார்ந்துகொண்டால் சாமி என்ன செய்யும்?

ஒருநாள் டாக்டரம்மாவே போன் செய்தார். உன் அப்பா எடுத்து, "வேண்டாமுங்க, நாங்க தெரிஞ்சுக்கிட்டோமுங்க" என்று வைக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். பேச ஆளில்லாமல் இருந்தேனே, அதனால்தான். அந்தப் பிள்ளைக்கு உன்னைவிடக் கொஞ்சம் வயசு கூட இருக்கும். முதல் நோயின் துண்டை மெழுகில் பொதிந்து இத்தனை வருசமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அதையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். இரண்டும் வேறு வேறாம்.

"பழசு பரவி வந்தது இல்லைங்கம்மா. இது புதுசு, தனியா வந்தது. பழசு திரும்பியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். இதைத் தனியா எடுத்துரலாம், வாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த வழியில்தானே எனக்குப் புரியும். "அப்ப வாழைக்குப் பக்கக்கன்னு வர்ற மாதிரி இல்லீங்களா? தனி வெதைங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கம்மா, தனி வெதை. ஆனா நெலம் ஒண்ணு. அதைப் பத்தி நேர்ல பேசலாம்" என்றார்.

நான் போனை வைத்துவிட்டுச் சொன்னதும் உன் அப்பா எழுந்துபோய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் ரசத்தில் உப்பு அதிகம் என்றார். இரைப்பையில் பெரும்பாகத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உனக்குச் சொன்னோம். நீ ஓடி வந்தாய், அழுதாய், கோபப்பட்டாய், எனக்குக் கஞ்சி ஊட்டினாய், திரும்பிப் போனாய். அதுதான் உன்னை நான் கடைசியாக நேரில் பார்த்தது.

நீ போன பிறகு டாக்டரம்மா உட்காரவைத்துக் கேட்டார், என் பிறந்த வீட்டில் இப்படி வேறு யாருக்காவது உண்டா என்று. யாருக்கும் இல்லை என்று பட்டென்று சொன்னேன். என் ஐயன், உன் அப்புச்சி, எப்படிப் போனார் என்று கேட்டார். இடுமருந்து என்றேன். இது உனக்குச் சொல்லாத கதை. நான் தாவணி போடுவதற்கு முன்னால் நடந்தது. நோம்பிப் பண்டிகைக்கு அப்புச்சியின் தங்கச்சி, எனக்கு அத்தை, வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தின்ற வாரத்திலேயே அப்புச்சிக்கு வயிற்று வலி கண்டது, சோறு இறங்கவில்லை. ஆள் கரைந்தார். சொத்துக்காக அத்தை மருந்து வைத்துவிட்டாள் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். மருந்து எடுக்கிறவன் என்று ஒருத்தனைக் கூட்டிவந்தார்கள். அவன் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, ஒரு மயிர்ச்சுருளைத் துப்பிக் காட்டினான். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அப்புச்சி போனார். எங்கள் வீடு அத்தை வீட்டில் தண்ணீர் குடிப்பதை விட்டது. என் கல்யாணத்தன்று அவள் மண்டபத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம். மணவறையில் இருந்த எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க அப்பாவுக்கும் இதேதானுங்கம்மா இருந்திருக்கும்" என்றார். மெதுவாகச் சொன்னார். மருந்து வைத்தது யாரும் இல்லை. அவர் ரத்தத்திலேயே அது இருந்திருக்கிறது. அவர் கொடுத்து எனக்கு வந்திருக்கிறது.

பிறகுதான் மூன்றாவது. இதைத்தான் நீ நன்றாகக் கேட்க வேண்டும். வருசம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் இந்த முறை தக்காளிப் பறிப்பையும் மாட்டையும் தள்ளிவைத்துவிட்டுப் போனேன். மிச்சமிருந்த பெருங்குடலில் பருப்பளவு ஒன்று இருந்தது. அதுவும் தனி விதைதான். எனக்கு வலி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. பார்த்ததால் தெரிந்தது. பார்த்த குழாயிலேயே அதைக் கிள்ளி எடுத்துவிட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு மல்லிகாவோடு வம்பு பேசிக்கொண்டிருந்தேன். முதலாவதைப் பார்க்க மாட்டேன் என்று இருந்தேன், குடல் போனது. இரண்டாவதுக்குப் பயந்து படுத்தேன், வயிறு போனது. மூன்றாவதைப் போய்ப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை.

என் ரத்தத்தைச் சோதித்து, கோளாறு இருப்பது நிச்சயம் என்றார்கள். பிள்ளைக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், சரிபாதி என்றார்கள். கோயிலில் பூக்கேட்கிற மாதிரிதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாகக் கட்டிப் போடுகிறோம். ஆனால் எடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் உண்டா?

நீ உண்டு. அன்றைக்குப் போனில் நான் இதைச் சொன்னபோது என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "பாத்தாத்தான்ம்மா இருக்கும். பாக்காத வரைக்கும் ஒண்ணுமில்ல." அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பார்க்காமல் விட்டது ஒன்றுமில்லாமல் போய்விடாது, சாமி. அது யார் தலையிலாவது போய் விழும். அப்புச்சியின் வயிற்றுக்குள் யாரும் பார்க்கவில்லை. அது என் அத்தையின் தலையில் விழுந்தது.

போன மாசம் கணபதியில் இருக்கிற அத்தை மகளைத் தேடிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உள்ளே வரச்சொல்லவும் முடியாமல், போகச்சொல்லவும் முடியாமல் நின்றாள். நானே, "தண்ணி குடு அம்மணி" என்றேன். சொம்பைக் கையில் வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அவளும் அந்தக் குடும்பத்து ரத்தம்தானே, அவளையும் சோதிக்கச் சொன்னேன். மறுவாரமே போனாள். அவளுக்கு இல்லை என்று வந்துவிட்டது. போனில் அழுதாள். இல்லை என்று வந்தாலும் மனுசர் அழுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "எங்கம்மா இருந்திருந்தா இன்னைக்கு உங்களுக்குக் கச்சாயம் சுட்டிருப்பாங்க" என்றாள். என்னால் இப்போது ஒரு கச்சாயம் முழுசாகத் தின்ன முடியாது. இருந்தாலும் அந்தக் கச்சாயத்தைத் தின்ன வேண்டும் போல இருந்தது.

உனக்குப் பெண் பார்க்கிற வயது, ஊருக்குத் தெரிந்தால் யார் கொடுப்பார்கள் என்று உன் அப்பாவும் முதலில் இழுத்தார். மறைத்துக் கட்டிவைத்து, அந்தப் பிள்ளை நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தெரிந்துகொள்வதா என்று கேட்டேன். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். உன் பயம் அதுவாக இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. உன் பயம் குழாய் என்றால், உன்னைத் தூங்கவைத்துவிடுவார்கள். உன் பயம் நான் பட்டதைப் பார்த்ததுதான் என்றால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறேழு தடவை, குருவி மாதிரித் தின்கிறேன். அரிசிம்பருப்புச் சாதம் தாளிக்கிற வாசம் வந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். உன் அப்பா தின்றுகொண்டே எனக்கு அதன் ருசியைச் சொல்லுவார். ஒரு வார்த்தையும் சரியாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. "நல்லாருக்குது" என்பதோடு முடிந்துவிடும்.

ரத்தம் கொடு என்று சொன்ன நாளிலிருந்து உன் போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது. அத்தனை பெரிய மிசினையெல்லாம் பிரித்து மாட்டுகிறவனுக்கு அதைச் சரிசெய்யத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். உன் அப்பாவுக்குத்தான் பழக்கம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். கறுப்பாக இருக்கிற திரையைப் பார்த்துச் சிரிக்கிறார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருகிறார்.

மூன்றாவது நோய்க்கும் உருவாரம் வைக்க வேண்டும் என்று போன வாரம் பழனியப்பண்ணனிடம் போனோம். "மறுக்கா கொடலுங்களா?" என்று மண்ணைப் பிசைய ஆரம்பித்தார். துண்டு துண்டாகச் செய்தது போதும், ஒரு முழு ஆளாகச் செய்யுங்கள், என் பையனுக்கு என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டார். "ஆள் உருவாரம் அவங்கவங்க கையாலதானுங்க வெக்கோணும். தம்பி வருவாப்லயா?" என்றார். வருவான் என்றேன். உன் அப்பா என்னைப் பார்த்தார். அண்ணன் செய்தார். தோள் வந்தது, கை வந்தது. காது உன் அப்பாவுக்கு இருக்கிற மாதிரி விடைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றேன். மூக்கு யார் மூக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே சண்டை போட்டோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அவர், "மீசை வெக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். போகும்போது உனக்கு மெல்லிசாக மீசை இருந்தது. பிறகு ஒரு போட்டோவில் மழித்திருந்தாய். அப்புறம் தாடியும் விட்டிருக்கிறாய் என்று உன் கூட்டாளி சொன்னான். இப்போது? பெற்ற இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், எங்கள் பிள்ளைக்கு மீசை இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் எழுந்துபோய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தார். "ஈரத்துணி போட்டு மூடி வெக்கறனுங்க. கேட்டுச் சொல்லுங்க. காஞ்சு போச்சுன்னா அப்பறம் மண்ணு ஒட்டாது" என்றார். அன்றிலிருந்து உன் அப்பா சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வருகிற வழியில் அங்கே வண்டியை நிறுத்தி, துணியைத் தொட்டுப் பார்த்து, தானே தண்ணீர் தெளித்துவிட்டு வருகிறார். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஈரமாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்கிறார்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, கண்ணு. மல்லிகாவுக்கும் கை வலிக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போடு. ரத்தத்தைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன், உன் அப்பாவையும் பேசவிடமாட்டேன். மேலுதட்டை மட்டும் காட்டு. மீதியை நீ வந்து, உன் கையால் கருப்பராயன் முன்னால் அதை இறக்கி வைக்கிற அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.